நிறுக்க முன்னர் அளந்து பாருங்கள்: கொச்சிக்கடையிலிருந்து பலட்டில் சரக்கு அனுப்புதல்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியிலிருந்து கொழும்புத் துறைமுகம் கூப்பிடு தூரம். கொள்கலன் லொறிகளின் இரைச்சல் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அப்படியிருந்தும், முள்ளியவளையில் பின்னிய பனையோலைப் பெட்டி ஒன்றை இணையத்தில் பார்த்து ரொறன்ரோவில் ஒருவர் வாங்க நினைத்தால், பெட்டியின் விலையைவிட அனுப்பும் செலவு பல மடங்காக வந்து நிற்கிறது. "அக்கா, சனம் வாங்கத் தயார். அனுப்புகிற காசைக் கேட்டதும் பதிலே இல்லை" என்று கிழமைக்கு இரண்டு பேராவது எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளிநொச்சி, வவுனியா என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தவள் நான். ஒழுங்கைக்குள் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சிறு உற்பத்தியாளர்களின் பொருட்களைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் இறுதி யுத்தத்தில் துணையை இழந்த பெண்கள். நான் கப்பல் துறையில் படித்தவள் அல்ல. வார்ப் கிளார்க்குகளிடம் கேட்டும், கட்டத் தேவையில்லாத காசைக் கட்டியும் பழகியது இது.

முதலில் விளங்க வேண்டியது, உங்கள் பெட்டிக்கு எதை வைத்துக் காசு கேட்கிறார்கள் என்பது. கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுக்கிறார்கள். வருகிற எண்ணையும் உண்மையான நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குப் பில் போடுகிறார்கள். 60×40×40 அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். பெருக்கினால் 96,000. வகுத்தால் 19.2. உள்ளே ஐந்து கிலோ ஓலைப் பெட்டிதான் இருக்கிறது என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் 19.5 கிலோவுக்குத்தான் பில். சாதாரண விமானச் சரக்கில் 6000 ஆல் வகுப்பார்கள். அதே பெட்டி அங்கே 16 கிலோ. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஓலை, கூடை, பாய், தும்புப் பொருள் செய்கிறவர்களுக்கு இரண்டுமே காற்றுக்குக் காசு கட்டுகிற வேலை.

கடலில் கணக்கு வேறு. அங்கே ஒரு கன மீற்றரும் ஆயிரம் கிலோவும் சமம். கன மீற்றரைத்தான் துறைமுகத்தில் எல்லோரும் சி.பி.எம். என்கிறார்கள். அந்த அட்டைப்பெட்டி 0.096 சி.பி.எம். ஏறக்குறைய பத்துப் பெட்டி சேர்ந்தால் ஒரு சி.பி.எம். அந்த ஒரு சி.பி.எம். இடத்துக்குள் 100 கிலோ இருந்தாலும் 700 கிலோ இருந்தாலும் கப்பல் கூலி ஒன்றுதான். எங்கள் பொருட்களில் ஓலைச் சாமான் பாரமில்லாமல் இடத்தைப் பிடிக்கும். பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் இடம் பிடிக்காமல் பாரம் காட்டும். இரண்டையும் அனுப்பச் சரியான வழி கடல்தான்.

ஓலைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று போகும்படி நான்கு அளவில் பின்னச் சொல்கிறேன். மூடிகளைத் தனியே தட்டையாக அடுக்குகிறோம். முன்பு ஒரே அளவில் பின்னிய பன்னிரண்டு பெட்டி பிடித்த இடத்தில் இப்போது முப்பதுக்கு மேல் போகிறது. ஒரு முகவரோடு பேரம் பேசிக் குறைப்பதைவிட இந்த மாற்றம் குறைத்த செலவு அதிகம். பின்னுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. கை ஒரே அளவுக்குப் பழகியிருக்கும் என்றார்கள். அது நியாயமான பேச்சு. இரண்டு மாதம் போனது.

இனி பலட். மரச் சட்டங்களால் அடித்த தட்டு, கீழே போர்க்லிப்டின் கொம்பு நுழைய இடைவெளி. சாதாரணமாகக் கிடைப்பது 120×100 சென்ரிமீற்றர், உயரம் ஏறக்குறைய 15. நான் சொன்ன 60×40 அட்டைப்பெட்டி இதற்கு அளந்து செய்ததுபோல இருக்கும். இரண்டு பெட்டியை நீளவாக்கில் ஒரு வரிசை, மூன்று பெட்டியைக் குறுக்காக இன்னொரு வரிசை. ஒரு தட்டில் ஐந்து, விளிம்பு ஒரு அங்குலமும் வெளியே தள்ளாது. மூன்று தட்டு அடுக்கினால் பதினைந்து பெட்டி, மொத்த உயரம் 135. பலட்டோடு சேர்த்து 1.62 சி.பி.எம். பெட்டிகளை மட்டும் எடுத்தால் 1.44. அந்த 0.18 பலட்டின் கட்டைக்குக் கொடுக்கும் விலை.

அதே பதினைந்து பெட்டியைத் தாறுமாறாக அடுக்கி, நான்கு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் வெளியே தள்ள விட்டால் என்ன நடக்கும்? அளக்கிறவர் வெளி விளிம்பைத்தான் அளப்பார். 130×110×135. ஏறக்குறைய 1.93 சி.பி.எம். ஒரு பொருளும் கூடாமல் காசு மட்டும் கூடியிருக்கும். மேல்தட்டு மட்டமாக இல்லாமல் கூம்பி இருந்தால் இன்னும் மோசம். அதன்மேல் வேறு சரக்கு வைக்க முடியாது என்று மேலே உள்ள வெற்றிடத்துக்கும் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. ஆகவே அட்டைப்பெட்டி வாங்கும்போதே பலட் அளவை மனதில் வைத்து வாங்குங்கள். புறக்கோட்டையில் கிடைக்கிற பழைய பிஸ்கட் பெட்டி மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

பலட் கட்டாயமா என்று கேட்பார்கள். இல்லை. ஏழெட்டுப் பெட்டி என்றால் உதிரியாகவே அனுப்புகிறேன். அதற்கு மேல் போனால் பலட். உதிரிப் பெட்டி எங்கள் அறையிலிருந்து வாங்குகிறவர் வீடு போக ஆறேழு முறை கைமாறும். ஒவ்வொரு இடத்திலும் ஒன்று நசியலாம், ஒன்று காணாமல் போகலாம். பலட்டில் சுற்றி, பட்டி போட்டு இறுக்கினால் அது ஒரே உருப்படி. எங்கள் ஒழுங்கைக்குள் போர்க்லிப்ட் வராது. ஆகவே பெட்டிகளைப் பட்டா வாகனத்தில் ஏற்றிச் சரக்கு முகவரின் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய், அங்கேதான் பலட் கட்டுகிறோம். நாட்டாமி ஒருவர் கூட வருவார். இருபது வருடமாக மூட்டை அடுக்கிய கைக்கு எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரியும். அவருக்குக் கொடுக்கிற கூலியில் நான் ஒருநாளும் பேரம் பேசுவதில்லை.

மரப் பலட்டில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். கதிர் போன்ற ஒரு சின்னம், நாட்டுக் குறியீடு, பதிவு இலக்கம், எச்.டி. என்ற எழுத்து. மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். மரத்தில் ஒளிந்து பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க வந்த சர்வதேச விதி இது. முத்திரை இல்லாத பலட் போய் இறங்கினால், திருப்பி அனுப்பவோ அழிக்கவோ மருந்தடிக்கவோ சொல்வார்கள்; செலவு உங்களுடையது. பழைய பலட் வாங்கும்போது சட்டம் மாற்றித் திருத்தியதா என்று பாருங்கள். மாற்றிய மரத்துக்குப் பழைய முத்திரை செல்லாது. ஒட்டுப்பலகையிலோ பிளாஸ்திக்கிலோ செய்த பலட்டுக்கு இந்த விதி இல்லை.

ஓலைச் சாமானுக்கு இன்னொரு எதிரி பூஞ்சணம். கொள்கலனுக்குள் பகலில் வெக்கை, இரவில் வியர்வை. நன்றாகக் காயாத ஒரு பெட்டி பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும். பொதி செய்ய முதல் இரண்டு நாள் வெயில் காட்டுகிறோம், ஈரம் உறிஞ்சும் பைகள் போடுகிறோம், கார்த்திகை மார்கழியில் ஓலைச் சாமான் அனுப்புவதைத் தவிர்க்கிறோம். செங்கடல் தாக்குதல்களால் 2023 இறுதியிலிருந்து பல கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்கான பயணம் நீண்டது, கூலியும் ஏறியது. நான் இங்கே விலை எதையும் எழுதாததற்கு அதுவும் காரணம். இந்த மாத விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

இப்போது காசு உண்மையில் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன்.

ஒரு முழுக் கொள்கலனை நிரப்ப எங்களால் முடியாது. இருபது அடிக் கொள்கலன் ஒன்று ஏறக்குறைய 33 சி.பி.எம். ஆகவே சரக்கு முகவர்கள் பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரு கொள்கலனில் அனுப்புகிறார்கள். எல்.சி.எல். என்பது இதுதான். பெரும்பாலும் குறைந்தது ஒரு சி.பி.எம்.முக்குக் கட்ட வேண்டும். 2018 இல் பதினான்கு பெண்களின் பொருட்களை ஒரு பலட்டில் லண்டனுக்கு அனுப்பினேன். முகவர் ஒருவர் சொன்ன கப்பல் கூலி நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நான் அவரைப் பெரிய உபகாரி என்று நினைத்தேன். சரக்கு போய் இறங்கிய பிறகு, அங்கே பொறுப்பெடுக்க இருந்த குடும்பத்துக்குப் பில் வந்தது. கொள்கலனிலிருந்து இறக்கும் கட்டணம், துறைமுகக் கட்டணம், பத்திரக் கட்டணம், சுங்கத் தரகர் கட்டணம். அவர்கள் அதிர்ந்துபோய் எனக்கு அழைத்து, நான் முகவரோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் இலவச நாட்கள் கடந்து களஞ்சிய வாடகையும் ஏறியது. மொத்தம், நான் கட்டிய கப்பல் கூலியைப் போல ஐந்து மடங்கு. பொருட்களின் விலையையே தொட்டுவிட்டது.

கைவிட்டுவிடுங்கள், அதுதான் லாபம் என்றார் முகவர். பதினான்கு பேருக்கு நான் அதை எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட்டுவாகலைக் கடந்து வந்தவர்களிடம், இதையும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குடும்பமும் நானும் பங்கு போட்டுக் கட்டி எடுத்தோம். பெண்களுக்குக் காசு போய்ச் சேர ஏழு மாதம் ஆனது. இரண்டு பேர் பின்னுவதை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த முகவர் செய்தது சட்டவிரோதம் அல்ல என்று பிறகுதான் அறிந்தேன். எல்.சி.எல். வியாபாரத்தில் ஏற்றும் பக்கத்தில் கூலியை இறக்கிக் காட்டி, இறங்கும் பக்கத்தில் எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஆகவே கப்பல் கூலியை மட்டும் கேட்டு முகவரைத் தெரிவு செய்யாதீர்கள். இறங்கும் துறைமுகத்தில் ஒரு சி.பி.எம்.முக்கு எவ்வளவு, ஒரு கப்பல் பத்திரத்துக்கு எவ்வளவு, இலவச நாட்கள் எத்தனை, அதன்பின் நாள் வாடகை எவ்வளவு. நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் என்றாலும் எழுத்தில். எழுதித் தர மறுக்கிறவரிடம் சரக்கைக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பதில்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். கட்டணங்களில் பாதிக்கு மேல் சரக்கின் அளவுக்கு ஏற்ப வருபவை அல்ல, பத்திரத்துக்கு ஒன்று என்று வருபவை. ஒரு பெட்டிக்கும் அதே பத்திரம், பதினைந்து பெட்டிக்கும் அதே பத்திரம். தனித்தனியே அனுப்பினால் பத்துப் பேரும் பத்துத் தரம் கட்ட வேண்டும். ஒரே பத்திரத்தில் சேர்ந்தால் ஒரு தரம். நாங்கள் எல்லாச் செலவையும் கூட்டிப் பெட்டிக் கணக்கில் பிரிக்கிறோம். பதினைந்து பெட்டியில் மூன்று உங்களுடையது என்றால் ஐந்தில் ஒரு பங்கு.

சேர்ந்து அனுப்புவதில் ஆபத்தும் உண்டு. பத்திரத்தில் இருப்பது ஒருவருடைய பெயர். ஒரு பெட்டிக்குள் யாராவது பட்டியலில் இல்லாத ஒன்றை வைத்தால் முழுப் பலட்டும் நிற்கும். 'மகளுக்கு ஒரு சின்ன நகை', 'அம்மாவின் எண்ணெய் ஒரு போத்தல்' என்று வந்தவற்றை நான் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் நானே திறந்து பார்த்து, நானே ஒட்டுகிறேன். 2019 ஏப்ரல் 21 அன்று எங்கள் கோயிலில் குண்டு வெடித்த பிறகு, இந்த ஒழுங்கையில் நிற்கும் ஒவ்வொரு பெட்டியையும் சந்தேகத்தோடு பார்த்த மாதங்கள் இருந்தன. அப்போதும் பட்டியல்தான் கைகொடுத்தது. எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை, யாருடையது என்று உடனே காட்ட முடிந்தது.

உணவையும் கைப்பணியையும் முதல் தடவை ஒரே பலட்டில் கலக்க வேண்டாம். உணவு பரிசோதனைக்கு நின்றால் ஓலைப் பெட்டியும் சேர்ந்து நிற்கும். அமெரிக்காவுக்கு உணவு அனுப்புவதென்றால் தயாரிப்பு இடத்தை அங்குள்ள உணவு மருந்து நிர்வாகத்தில் பதிந்து, சரக்கு போய்ச் சேர முன்னர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 800 டொலருக்குட்பட்ட பொதிக்கு அங்கே இருந்த வரிச் சலுகையும் 2025 ஓகஸ்ட் 29 உடன் நிறுத்தப்பட்டது. அதை நம்பி விலை போட்டவர்கள் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பத்திர வேலைகள் பயப்படும் அளவுக்கு இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, வரி இலக்கம், சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு. குழுவில் ஒருவர் எடுத்தால் போதும். சுங்கப் பிரகடனத்தை வார்ப் கிளார்க் போட்டுத் தருவார். தாவரப் பொருளுக்குச் சான்றிதழ் தேவையா என்பதைக் கட்டுநாயக்கவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்பு சேவையில் கேளுங்கள். பின்னிய கூடைப் பொருட்களின் சுங்கத் தலைப்பு 4602. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும்போது, 6000 யூரோவுக்குட்பட்ட சரக்கென்றால் விலைப்பட்டியலிலேயே 'இது இலங்கையில் உற்பத்தியானது' என்ற உரிய வாசகத்தைச் சேர்த்து ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைக் கேட்கலாம். இதைக் கேட்காமல் வரி கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. முப்பது வாடிக்கையாளருக்கு முப்பது கூரியர் அனுப்புவதைவிட, ஒரு பலட்டை உங்கள் கராஜுக்கு அனுப்பி, நீங்கள் உள்ளூர்த் தபாலில் போடுவது பல மடங்கு மலிவு. ஆனால் அது 'ஊரிலிருந்து வந்த சாமான்' அல்ல, வணிக இறக்குமதி. பிரித்தானியாவில் ஜி.பி. என்று தொடங்கும் ஈ.ஓ.ஆர்.ஐ. இலக்கம் எடுக்க வேண்டும். 20 வீத வற் வரி உண்டு. நீங்கள் வற் பதிவு செய்யாதவர் என்றால் அதைத் திரும்பப் பெற முடியாது, விலையில் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் பலட் வருவதென்றால் பின்பக்கம் தூக்கி இறக்கும் தட்டு உள்ள லொறி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வாசல் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே பலட் வலையமைப்புகள் கால் பலட், அரைப் பலட் என்று உயரத்தையும் நிறையையும் பார்த்து விலை போடுகின்றன. லண்டனில் இறங்கியதை லெஸ்டருக்கோ கிளாஸ்கோவுக்கோ பிரித்து அனுப்ப இது நல்ல வழி.

ஒரே ஒரு வாடிக்கையாளர், ஒரே ஒரு பெட்டி என்றால் பலட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2 கிலோவுக்கு உட்பட்டதைத் தபாலில் சிறு பொதியாகப் போடுங்கள்.

வடக்கிலிருந்து கொழும்புக்கு வருவது இன்று சுலபமான பகுதி. சோப்பும் பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைப் பட்டியலில் இருந்த காலத்தையும், ஓமந்தையில் மூட்டைகளை இறக்கிக் குத்திப் பார்த்து மீண்டும் ஏற்றியதையும், 2006 ஓகஸ்டில் ஏ9 மூடிய பின் யாழ்ப்பாணத்துச் சனம் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருந்ததையும் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது லொறி, பஸ், ரயில் மூன்றும் உண்டு. இங்கிருந்து நிறைந்து போகிற லொறியில் திரும்பும்போது இடம் இருக்கும். அந்த வழியில் கூலியைக் குறைத்துக் கேட்கலாம். ஒரு பெட்டிக்கு பஸ் நல்லது. ரயில் மலிவு, ஆனால் 2024 இல் பாதைத் திருத்தத்துக்காக மாதக்கணக்கில் வடபகுதிப் பாதை தடைப்பட்டதுபோல நடந்தால் திட்டம் குழம்பும். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியபோது, இனிச் சரக்கை அங்கிருந்தே அனுப்பலாமா என்று பலர் கேட்டார்கள். அது பயணிகளுக்கும் அவர்களின் பயணப் பொதிக்கும் உரியது. பலட் போகும் வழி இன்னும் கொழும்புதான்.

அடுத்த பலட் லண்டனுக்கு. மழை தொடங்க முதல், புரட்டாதி கடைசியில் கட்டுகிறோம். எட்டுப் பெட்டி வந்துவிட்டது. அதில் ஒன்று, ஆடைத் தொழிற்சாலைக்குப் போன இருவரில் ஒருவருடையது. இரவில் பின்னினேன் என்றார். ஏழு பெட்டிக்கு இடம் இருக்கிறது. 60×40×40.